இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதா?

கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருசம்மாளுக்குப் புடவை விற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நிறம் பிடிக்க வேண்டும், கரை பிடிக்க வேண்டும், விலை படிய வேண்டும். எல்லாம் முடிந்து கடைக்காரர் பையை எடுக்கக் கை நீட்டும்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதா?"

மத்தவர்கள் இப்படிக் கேட்டால் ரெண்டாவதாக ஒன்று வேண்டும் என்று அர்த்தம். இருசம்மாள் கேட்டால், இருந்தால் இதுவும் வேண்டாம் என்று அர்த்தம். விவரம் தெரியாத ஒரு கடைக்காரர் "இருக்குதே, உங்களுக்கு எத்தினி வேணும்" என்று குஷியாகச் சொல்லிவிட்டு, அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயப்பிரகாஷ் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. கேள்வி முழுசாக வெளியே வருவதற்குள் பதில் சொல்லிவிடுவார். "இல்லவே இல்லீங்கம்மா, ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு." அதனால்தான் இருசம்மாள் வருஷக்கணக்காக வேறு ஜவுளிக்கடை ஏறுவதில்லை.

டிராக்டர் ஓட்டும் அவள் புருஷன் தங்கதுரைக்கு இது ஆயுசுக்கும் போதுமான வேடிக்கை. "பொண்ணு பாக்கப் போனப்ப நானும் கேட்டேன், இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதான்னு. இல்லன்னாங்க. அந்தத் தைரியத்துலதான் கட்டிக்கினேன்" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். இருசம்மாள் முகத்தை ஒரு வெட்டு வெட்டுவாள். ஆனால் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பது கட்டின புருஷனுக்கும் தெரியாது, பெத்த மகளுக்கும் தெரியாது. "சின்ன வயசுல நீ எப்படிமா இருந்த?" என்று மகள் கேட்டால், "எல்லாரும் எப்படி இருந்தாங்களோ அப்படித்தான்" என்று மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விடுவாள்.

அவள் சொல்லாவிட்டால் போகிறது, நான் சொல்கிறேன்.

இருசம்மாளின் அப்பா கரும்பு வெட்டுகிற கும்பலோடு மாசக்கணக்கில் வெளியூரில் கிடப்பார். அம்மா ரங்கம்மாள் அடுத்தவர் கொல்லையில் களை எடுப்பாள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவாள். பிள்ளைகள் மூணு பேர்: பெரியவன் கொளஞ்சி, நடுவில் இருசம்மாள், கடைக்குட்டி பூமாலை. காலையில் கூழ், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் போடுகிற கோதுமை ரவை உப்புமா, ராத்திரிக்கு எது கிடைக்கிறதோ அது. நெல்லுச்சோறு என்றால் அன்றைக்கு ஏதோ விசேஷம். இதெல்லாம் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் நடந்த கதைதான். இருசம்மாளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பசித்தது, கிடைத்ததைத் தின்றோம் என்பாள், கேட்டால்.

துணி விஷயம்தான் வேறு. தீபாவளிக்கு முன்னால் ரங்கம்மாள் சின்னசேலம் சந்தைக்குப் போவாள். பிள்ளைக்கு ஒரு துணி என்று தனித்தனியாக எடுத்தால் விலை ஜாஸ்தி. ஒரே துணியாக மொத்தமாகக் கிழித்து வாங்கினால் கம்மி, தைக்கும்போது வீணும் ஆகாது. அதனால் பெரிய பெரிய பூப்போட்ட துணி ஒன்றை வாரி எடுத்துக்கொண்டு வருவாள். அதிலேயே கொளஞ்சிக்குச் சட்டை, பூமாலைக்குச் சட்டை, இருசம்மாளுக்குப் பாவாடை சட்டை, தனக்கு ஒரு ரவிக்கை. மிஞ்சின துண்டில் தலகாணி உறை. அதிலும் மிஞ்சினால் பள்ளிக்கூடப் பை. ராத்திரி பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தால் எது பிள்ளை, எது தலகாணி என்று சட்டென்று தெரியாது.

தையக்காரரிடம் ரங்கம்மாள் தவறாமல் சொல்வது ஒன்றுதான். "பெருசாவே வெட்டுங்க. வளர்ற புள்ளைங்க." பாவாடையின் அடியில் மடிப்பு மடிப்பாக டக்கு பிடித்துத் தைக்கச் சொல்வாள். வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்து இறக்கி விடுவாள். மத்த இடமெல்லாம் வெளுத்துப்போய் இருக்க, பிரித்த இடம் மட்டும் பளிச்சென்று புதுசாக ஒரு பட்டை போட்ட மாதிரி நிற்கும். அந்தப் பட்டைகளைப் பார்த்தே இது எத்தனாவது வருஷத்துப் பாவாடை என்று வகுப்பில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொல்லவும் சொன்னார்கள். ஒருதரம் கொளஞ்சி மாங்காய் அடித்துவிட்டு ஓட, வேலிச் சந்தில் துணியை மட்டும் பார்த்த வாத்தியார் நேரே வகுப்புக்கு வந்து இருசம்மாளை வெளுத்து வாங்கினார். துணி அதேதானே, அவர் மேல் என்ன தப்பு.

அடியை மறந்துவிட்டாள். மறக்காதது வேறொன்று. ஒரு ஆடிப்பெருக்குக்கு ரங்கம்மாள் மூணு பிள்ளைகளையும் கோமுகி அணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரே திரண்டிருந்தது. அந்தக் கும்பலில் பூமாலை காணாமல் போய்விட்டான். ரங்கம்மாள் கத்தினாள், ஓடினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இருசம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தி, அவள் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கூவினாள். "இந்தத் துணி. இந்தத் துணியில சட்ட போட்ட புள்ளய யாராச்சும் பாத்தீங்களா?"

கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்தார்கள். வகுப்பில் பட்டையை எண்ணிச் சிரிக்கிற ஒருத்தியும் அங்கேதான் பொரி தின்றுகொண்டு நின்றாள். இருசம்மாளுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அழுத அழுகை கொஞ்சநஞ்சம் இல்லை. வளர்ந்து தானே மல்லாட்டை பிடுங்கிக் கூலி வாங்கினபோது, முதல் வேலையாகத் தனக்கென்று ஒரு தாவணித் துணி எடுக்கப் போனாள். அன்றைக்குத்தான் கடைக்காரரிடம் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டாள்.

இப்போது இருசம்மாளுக்குக் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வடக்கனந்தல் பக்கத்தில் தளம் போட்ட வீடு, கறவை மாடு, சொசைட்டிக்குப் பால். ஒரே மகள் இலக்கியா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சின்னசேலத்தில் செழியன் என்கிற தங்கமான பையனுக்கு வாழ்க்கைப்பட்டவள், இப்போது ஏழு மாசக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவாள். அதற்காக இருசம்மாள் அறைக்கு வெள்ளை அடித்து, புது மின்விசிறி மாட்டி, கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்திப் போட்டிருந்தாள். கதவுக் கீல் கிறீச்சிட்டால் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று, பிறக்காத குழந்தைக்காக அதற்கு எண்ணெயும் விட்டாயிற்று.

அப்படி எல்லாம் கூடி வரும்போதுதான் இலக்கியா ரெண்டு புடவையோடு வந்து இறங்கினாள். வெங்காயத் தோல் நிறம், பச்சைக் கரை. ரெண்டும் ஒன்றே போல.

"மா, வளைகாப்புக்கு நீயும் நானும் ஒரே பொடவ. இப்ப எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க. என் சம்பளத்துல எடுத்தேன். பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினா எப்படி இருக்கும் தெரியுமா?"

இருசம்மாள் புடவையைத் தடவிப் பார்த்தாள். நல்ல புடவை. கையை எடுத்துக்கொண்டாள். "நீ கட்டு கண்ணு. நான் வேற கட்டிக்கறேன்."

"ஒரு நாளுதான்மா."

"வேணாம்னா விடேன்."

"என் மாமியாரு ஆசையா கேட்டாங்க, எனக்குக் குடு நான் கட்டறேன்னு. இல்ல, எங்கம்மாவுக்குன்னு சொல்லி எடுத்தாந்தேன். பெத்தவளுக்கு என்னோட சேந்து நிக்க கசக்குது."

"அப்படி இல்லடி."

"அப்பறம் எப்படி? சொல்லு."

எப்படிச் சொல்வாள்? பாவாடையில் ஆரம்பிப்பதா, பட்டையில் ஆரம்பிப்பதா? வாயில் வந்தது கோபம்தான். "ஒரே மாதிரி நான் கட்டமாட்டேன். செத்தாலும் கட்டமாட்டேன்."

மாசமாக இருக்கிற பெண் முன்னால் பேசுகிற பேச்சா இது? தங்கதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார். இலக்கியா புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரி. வளைகாப்பு முடிஞ்சி நான் உங்கூட வரல. பிரசவத்த அங்கயே பாத்துக்கறேன். நீ உன் பொடவயோட இரு."

ரெண்டு நாள் கழித்து செழியன் மாமனாருக்குப் போன் செய்தான். "அத்தைக்கு எடுத்த பொடவய கடையில திருப்பிக் குடுத்துட்டா மாமா. அழுதுக்கினே போனா. பிரசவத்துக்கு அங்க வரலன்றதுலயும் ஒரே புடியா நிக்கிறா."

இருசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளை அடித்த அறைக்குள் போய்ப் புது மின்விசிறியைப் போட்டு, அதன் கீழே உட்கார்ந்துகொண்டிருந்தாள். கட்டித் தொலைத்தால் என்ன என்று மனசு சொல்லும். உடனே கோமுகி அணையும், பொரி தின்கிறவளின் சிரிப்பும் கண் முன்னால் வந்து நிற்கும். இந்த வயசில் இதுக்குப் போய் அழுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வளைகாப்புக்கு முதல் நாள் காலை பூமாலை வந்தான். கல்வராயன் மலை அடிவாரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருக்கிறான். பேரன் எடுத்துவிட்டான் என்றாலும் அக்காவுக்கு அவன் இன்னும் கடைக்குட்டிதான். மலைப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவனிடம் தங்கதுரை நடந்ததை ஒப்பித்தார். பூமாலை பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு அக்காவிடம் வந்தான்.

"அக்கா, கோமுகி அணைதான?"

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு எப்படித் தெரியும்?

"அன்னைக்கு நீ வூட்டுக்கு வந்து பாவாடைய அவுத்து அடுப்புல போடப் போனியே, அம்மா புடுங்கி வச்சிச்சே. எனக்கு ஞாபகம் இருக்குது. இத்தினி வருஷம் கழிச்சும் அதையே புடிச்சிக்கினு இருப்பன்னு நான் நெனைக்கல."

"உனக்கு இன்னா தெரியும்? நீ காணாப் போயிட்ட. நான்தான் ஊரு முன்னால நின்னேன்."

"நான் எப்படிக் கெடச்சேன், அத சொல்லு பாப்போம்."

அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கிடைத்தான், அவ்வளவுதான் தெரியும்.

"பொரி விக்கிற ஒரு அம்மா என்னப் புடிச்சி வச்சிருந்தாங்க. எந்த ஊருன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல. அப்பறம் என் சட்டையப் பாத்துட்டு, 'இதே துணியில பாவாட போட்டுக்கினு ஒரு பொண்ணு அங்க அழுதுக்கினு நிக்குது, அது உங்க அக்காவா'ன்னு தூக்கிக்கினு வந்தாங்க. நீ வெக்கத்துல அழுத. தம்பிய காணோம்னு அழறதா அவங்க நெனச்சாங்க. கும்பல்ல எனக்கு உன் மூஞ்சி தெரியலக்கா. பாவாடதான் தெரிஞ்சிது. ஓடியாந்து புடிச்சிக்கினேன். வூடு வர்ற வரைக்கும் நான் விடலயே, ஞாபகம் இல்ல?"

ஞாபகம் வந்தது. வேகாத வெயிலில் நடந்த நடை, பாவாடையைப் பிடித்துத் தொங்கின பிசுபிசுப்பான சின்னக் கை, விடுடா விடுடா என்று தான் திட்டினது. இத்தனை காலமும் சிரித்தவளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தம்பி ஓடி வந்ததைத் தொலைத்துவிட்டிருந்தாள். இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பால் கேனை யார் கழுவுவார்கள் என்றுகூடப் பார்க்காமல், புருஷனின் போனைப் பிடுங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறிவிட்டாள். இலக்கியா அனுப்பியிருந்த புடவையின் படம் அந்தப் போனில் இருந்தது.

கடையில் ஜெயப்பிரகாஷ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். இருசம்மாள் உட்காரக்கூட இல்லை. போனை நீட்டினாள்.

"தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதா?"

"இல்லவே இல்லீங்கம்மா. ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. நீங்க தைரியமா எடுத்துக்குங்க."

படத்தை அவர் பார்க்கவே இல்லை. வருஷக்கணக்கில் சொன்ன வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருசம்மாள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது. ஜெயப்பிரகாஷுக்குக் கை கால் ஓடவில்லை. இந்தப் பதிலைக் கேட்டால் அந்தம்மா முகம் மலரும், பணம் எடுக்கும், அதுதான் வழக்கம். தண்ணி கொண்டுவந்து கொடுத்து, "இன்னாம்மா, ஒடம்பு முடியலயா?" என்று பதறினார்.

"எம் பொண்ணு கட்டற மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும்யா. நாளைக்கு வளைகாப்பு. இல்லன்னா அவ எங்கூட வரமாட்டா."

ஜெயப்பிரகாஷ் படத்தைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் அவிழ்த்தார். வெங்காயத் தோல் நிறம், பச்சைக் கரை, அடுக்கு அடுக்காக.

"இன்னாது இது?"

"ஸ்டாக்குங்கம்மா."

"ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்ன?"

கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். இருசம்மாளுக்குள் ஏதோ உறைத்தது. தன் மேலிருந்த புடவையைத் தொட்டுக் காட்டினாள். "அப்ப நான் இப்ப கட்டிக்கினு இருக்கறது?"

"அது நல்லா ஓடின மாலுங்கம்மா."

"போன தீவாளிக்கு எடுத்தது?"

"அது அத விட நல்லா ஓடுச்சுங்க. தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க சந்தோஷமா எடுத்துக்கினு போவீங்களேன்னுதான்."

ஒருதரம் பால் சொசைட்டியில் ஒருத்தி இவள் புடவை மாதிரியே கட்டிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, "அது வேற கலரு, உனக்குக் கண்ணாடி போடணும்" என்றார் தங்கதுரை. அடப் பாவி மனுஷா, நீயும் கூட்டா. கோபம் வரும் என்று இருசம்மாள் ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள். வந்தது சிரிப்பு. டம்ளர் தண்ணி மடியில் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். பாதி ஊரோடு ஒரே புடவையில்தான் இத்தனை வருஷம் நடந்திருக்கிறாள், யாரும் சிரிக்கவில்லை, ஒன்றும் குறைந்துபோகவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்த மாதிரி இருந்தது.

புடவையோடு சேர்ந்து வருகிற ரவிக்கைத் துணியை வெட்டி, சாயந்திரத்துக்குள் தைத்துத் தரச் சொல்கிறேன் என்றார் ஜெயப்பிரகாஷ். இருசம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "வேணாம், அத வெட்டாத. அப்படியே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் சின்னசேலத்தில் வீடு நிறைய ஜனம். நாற்காலியில் கன்னம் முழுக்கச் சந்தனத்தோடு இலக்கியா உட்கார்ந்திருந்தாள். வரிசைத் தட்டோடு அம்மா உள்ளே வந்ததைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பப் போனாள். திருப்பவில்லை. புடவையைப் பார்த்தாள், தன் மடியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். இருசம்மாள் வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒரு வளையல் விரல் முட்டியில் சிக்க, மெல்ல அமுக்கி ஏற்றினாள்.

"ரவிக்க மேட்ச் ஆவலமா" என்றாள் இலக்கியா மெதுவாக.

"அவசரத்துல எடுத்தது கண்ணு."

இலக்கியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சந்தனம் வழிந்தது. போட்டோக்காரர் கூப்பிட்டபோது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கலவைச் சாதம் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்புகிற நேரத்தில், இருசம்மாள் வாயைத் திறந்து கூப்பிடப் பயந்துகொண்டு வாசலில் நின்றாள். இலக்கியா, அம்மா வீட்டார் வந்த வேன் பக்கம் நடந்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, என் பையை எடுத்தாங்க" என்று செழியனைக் கூப்பிட்டாள்.

வேன் ஊரைத் தாண்டியது. தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருந்தது. இலக்கியா அம்மாவின் புடவைக் கரையையும் தன் கரையையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூமாலை மாமா உன் சின்ன வயசு துணியப் பத்தி இன்னாமோ சொல்ல வந்தாரு. அப்பறம் உன்னையே கேக்க சொல்லிட்டாரு. இன்னாமா அது?"

மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக வேனில் வழி இல்லை.

"கிளிப்பச்சை" என்றாள் இருசம்மாள். "கிளிப்பச்சையில மஞ்சப் பூவு. ஒண்ணொண்ணும் தாம்பாளம் அகலத்துக்கு இருக்கும்."

அப்புறம் அவள் வாயை மூடவில்லை. தலகாணியைச் சொன்னாள், மாங்காய்க்கு வாங்கின அடியைச் சொன்னாள், டக்கைச் சொன்னாள், பட்டையைச் சொன்னாள், கோமுகி அணையைச் சொன்னாள். இலக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நடுவில் அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் குலுங்கின தங்கதுரையைப் பார்த்து, "நீங்க சிரிக்காதீங்க, எனக்குக் கண்ணாடி போடணுமா? வூட்டுக்கு வாங்க, உங்கள வச்சிக்கறேன்" என்றாள் இருசம்மாள்.

வீடு நெருங்கும்போது அவள் இடுப்பில் செருகியிருந்த புடவையின் உள்முனையைக் கொஞ்சம் வெளியே இழுத்து மகளுக்குக் காட்டினாள்.

"பாரு, ரவிக்கத் துணிய வெட்டல. புள்ள பொறந்ததும் இதுல ஒரு சட்ட தைக்கலாம்னு வச்சிருக்கேன்."

"மூணு பேருக்கும் ஒரே துணியா? டக்கு வச்சா?"

"பின்ன? கொஞ்சம் பெருசாவே வெட்ட சொல்லணும்" என்றாள் இருசம்மாள். "வளர்ற புள்ள."